தரையில் கிடப்பதும் பையில் வருவதும்

கேரளத்தின் தோப்பும்படி மீன்பிடித் துறைமுகத்தில் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைப் படகுகள் கட்டிக் கிடக்கும் நாட்களில் அந்த இடமே பாதி கன்னியாகுமரியாகிவிடும். சூரையும் சுறாவும் இறக்கி, ஐஸும் டீசலும் ஏற்றி, மறுபடி ஆழ்கடலுக்குப் புறப்பட இரண்டு மூன்று நாளாகும். அந்த இடைவெளியில் பையன்கள் செல்போனை எடுப்பார்கள். ஒருநாள் மாலை அவர்களில் ஒருவனுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். போன் இன்னும் பாலிதீன் கவருக்குள்ளேயே இருந்தது. கவர் மேலேயே விரலை ஓட்டினான். கரையேறி ஒரு நாள்தான் ஆகியிருந்தது, அதற்கு முன் முப்பத்தைந்து நாள் கடல். டீக்கடைக்காரரின் ஹாட்ஸ்பாட்டில் அப்டேட் இறங்க முக்கால் மணி நேரம் பிடித்தது. ஆட்டத்துக்குள் போனான். எதிரே வந்தவன்மேல் ஒரு முழு மேகசினைக் காலி செய்தான். எதிராளிக்கு ஒன்றும் ஆகவில்லை, இவன்தான் விழுந்தான். “இது என்னல புதுசா?” என்றான். பக்கத்திலிருந்தவன் தன் போனிலிருந்து நிமிராமலே சொன்னான்: “ரேங்க் வேண்டாம் மக்கா. கஸ்டம் ரூம் போடு. கன் ப்ராப்பர்ட்டி ஆஃப், ஸ்கில் ஆஃப்.”

சேர்த்ததையெல்லாம் அணைத்துவிட்டு ஆடுவோம் என்பது ஆடுகிறவர்களே சொல்லும் தீர்ப்பு. அது சரியான தீர்ப்பா? ஆன்லைன் ஆட்டத்தில் புதுத் துப்பாக்கி, புது மேப், புதுக் கேரக்டர் என்று சேர்த்துக்கொண்டே போனால் சமநிலை கெடும் என்று பலரும் சொல்கிறார்கள். அந்தப் பேச்சில் எவ்வளவு உண்மை, எவ்வளவு சலிப்பு என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் கணக்கு. பத்துப் பொருள் இருந்தால் ஒன்றுக்கு எதிராக ஒன்று நிற்கும் ஜோடிகள் 45. நாற்பது இருந்தால் 780. ‘லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ்’ 2009இல் 40 நாயகர்களோடு தொடங்கியது, இன்று 160க்கு மேல். 160 என்றே வைத்தாலும் 12,720 ஜோடிகள். பொருள் நான்கு மடங்கானால் சோதிக்க வேண்டியது பதினாறு மடங்குக்கு மேலாகிறது. ‘ஃப்ரீ ஃபயர்’ போல ஓர் ஆக்டிவ் திறனோடு மூன்று பாசிவ் திறன்களைக் கோக்க முடிகிற ஆட்டத்தில் இன்னும் மோசம். பத்து ஆக்டிவ், முப்பது பாசிவ் இருப்பதாக வைத்துக்கொண்டால் 40,600 சேர்க்கைகள் வரும். எந்த அலுவலகத்திலும் அத்தனையையும் ஆடிப் பார்த்துவிட்டு வெளியிட முடியாது. ஆகவே, சேர்க்கச் சேர்க்கப் பிழை கூடும் என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் பிழை நேர்வது வேறு, சமநிலை கெட்டே கிடப்பது வேறு. இதைப் புரிந்துகொள்ள இந்தத் துறைமுகத்தைவிட்டு வெகுதூரம் போக வேண்டியதில்லை. கேரளம் முழுக்க ஆடும் இருபத்தெட்டு என்ற சீட்டாட்டத்தில் 32 சீட்டு. ஜாக்கிக்கு (இங்கே குலான் என்பார்கள்) 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் ஒவ்வொன்று, ஆக மொத்தம் 28 புள்ளி. அதைப் பெருக்கியதுதான் அம்பத்தாறு. இரண்டு கட்டுகளிலிருந்து ஏழும் எட்டும் எடுத்த 48 சீட்டு, ஆறு பேர், ஆளுக்கு எட்டு. ஒரே குலான் இரண்டு வந்துவிட்டதே, எது பெரியது? முதலில் போட்டது ஜெயிக்கும் என்று ஒரு விதி சேர்ந்தது, ஆட்டம் நேராக நின்றது. சீட்டை இரட்டிப்பாக்கியும் யாருக்கும் அநியாயம் நடக்கவில்லை. இரண்டாவது கட்டு எல்லோர் கைக்கும் போகிற கட்டு, கலைத்துப் போட்டால் யாருக்கும் வரலாம்.

கணினி ஆட்டத்தில் இதற்கு நிகர் ‘ஸ்டார்கிராஃப்ட்: புரூட் வார்’. 1998இல் வந்தது. சமநிலைக்காக அதில் கடைசியாகக் கைவைத்தது 2001இல். அதற்குப் பிறகும் கொரியாவில் பல ஆண்டு தொழில்முறைப் போட்டிகள் நடந்தன. மூன்று இனங்களில் ஒன்று ஓங்கினால் போட்டி நடத்துகிறவர்கள் இனத்தைத் தொடவில்லை, புது மேப்களைச் சேர்த்தார்கள். சரிவுப் பாதையை ஒடுக்கினார்கள், தூரத்தைக் கூட்டினார்கள். உதவாத மேப்பைத் தூக்கி எறிந்தார்கள். உள்ளடக்கம் சேர்ப்பதே அங்கே சமநிலைக்கு மருந்தாக இருந்தது. சேர்ப்பது கெடுக்கும் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிறவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

எல்லோருக்கும் பொதுவாகத் தரையில் வைத்த பொருள் கெடுக்கவே கெடுக்காதா? கெடுக்கும். 2015 டிசம்பரில் ‘கவுண்டர் ஸ்ட்ரைக்’கில் ஆர்8 ரிவால்வர் வந்தது. ஆட்டத்துக்குள் கிடைக்கும் பணத்தில், கைத்துப்பாக்கி விலைக்கு ஏறக்குறைய ஸ்னைப்பர் பலம். சில நாட்களிலேயே அதன் பலத்தைக் குறைத்தார்கள். 2018 டிசம்பரில் ‘ஃபோர்ட்நைட்’டில் இன்ஃபினிட்டி பிளேடு என்ற வாள் வந்தது. எடுத்தவனை எதிர்த்து நிற்க வழியில்லை. மூன்றே நாளில் திரும்பப் பெற்றார்கள். இரண்டும் பெரிய பிழைகள்தான். அவை ஏன் அவ்வளவு சீக்கிரம் நேராயின என்பதுதான் நான் இங்கே கவனிப்பது. அந்த வாளுக்கு யாரும் பணம் கொடுத்திருக்கவில்லை. எடுத்துவிட்டால் ‘என் காசு போச்சே’ என்று கேட்க ஆளில்லை.

இனி அந்தப் பையன்கள் ஆடிய ஃப்ரீ ஃபயருக்கு வருகிறேன். 2022 பிப்ரவரியில் இந்தியாவில் தடை செய்யப்பட்ட பிறகும் ‘ஃப்ரீ ஃபயர் மேக்ஸ்’ என்ற வடிவில் அது நம் பையன்களின் போனில் இருந்தது. 2020 டிசம்பரில் கிறிஸ்டியானோ ரொனால்டோவை வைத்து க்ரோனோ என்ற கேரக்டரைக் கொண்டுவந்தார்கள். பட்டனைத் தட்டினால் சுற்றி ஒரு கவசம் எழும், 600 சேதம் வரை தாங்கும். ஓர் ஆளின் முழு உயிரே 200 புள்ளிதான். உள்ளே நின்றபடி வெளியே சுடவும் முடிந்தது. அதை வைத்திருந்தவனுக்கும் இல்லாதவனுக்கும் நடந்ததைச் சண்டை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிறகு 2021இல் அடுத்தடுத்து அதன் பலத்தைக் குறைத்தார்கள். கவசத்துக்குள்ளிருந்து சுடுவதைத் தடுத்தார்கள், மறுபடி பயன்படுத்தக் காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினார்கள். ரிவால்வருக்குச் சில நாள், வாளுக்கு மூன்று நாள், இதற்கு மாதக்கணக்கு. டைமண்ட் (காசுக்கு விற்கும் ஆட்டப் பணம்) கொடுத்து வாங்கியவன் கையிலிருப்பதைக் குறைத்தால் அவன் ஏமாந்தவனாகிறான், குறைக்காவிட்டால் எதிரில் நிற்பவன் ஏமாந்தவனாகிறான். திருத்த வேண்டிய கையை விற்ற காசு பிடித்துக்கொள்கிறது.

துப்பாக்கி ஸ்கின்களோடு வரும் கன் ப்ராப்பர்ட்டியில் இது இன்னும் வெளிப்படை. ஒரு ஸ்கின்னில் சேதம் கூடும், இன்னொன்றில் சுடும் வேகம் கூடும். பதிலுக்கு ரீலோடு வேகமோ மேகசினோ குறையும். ‘ஒன்று கூடி ஒன்று குறைகிறதே, அதுவே சமநிலைதானே’ என்பது அதை ஆதரிப்பவர்களின் வாதம். அது நிற்காது. கூடுவது நமக்கு வேண்டியதாகவும் குறைவது நமக்குத் தேவைப்படாததாகவும் இருக்கும் ஸ்கின்னைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும் வசதியே ஒரு பலம். ஸ்கின் இல்லாதவனுக்கு அந்தத் தேர்வே கிடையாது.

இதற்கு மாறாக, ‘பிஜிஎம்ஐ’ ஆட்டத்தில் நூறு பேரும் வெறுங்கையோடு விமானத்திலிருந்து குதிக்கிறார்கள். எம்416 தரையில் கிடக்கிறது, முதலில் போய் எடுத்தவனுக்கு அது. ஏர் டிராப்பில் மட்டும் வந்துகொண்டிருந்த எம்249 பிறகு தரைக்கு வந்தபோது யார் பையிலிருந்தும் எதுவும் பறிபோகவில்லை. அங்கேயும் ஸ்கின் விற்கிறார்கள், ஏராளமாக விற்கிறார்கள். ஆனால் விலை உயர்ந்த துப்பாக்கி ஸ்கின் தோட்டாவின் சேதத்தைக் கூட்டுவதில்லை. எராங்கல், மிராமர், சான்ஹோக், லிவிக் என்று மேப்கள் சேர்ந்துகொண்டே வந்தும் அந்த ஆட்டத்தின் அடிப்படை நியாயம் குலையவில்லை.

என் வாதத்துக்கு எதிராக ஓர் உதாரணத்தை மறைக்கக் கூடாது. 2019 ஆகஸ்டில் ஃபோர்ட்நைட் கொண்டுவந்த புரூட் என்ற இயந்திரக் கவச வண்டி யாருக்கும் விற்கப்பட்டதல்ல, தரையில் நின்றதுதான். இருந்தும் எதிர்ப்பு கிளம்பிய பிறகும் அந்த சீசன் முடியும்வரை விட்டுவைத்தார்கள். திறமை குறைந்தவர்களும் ஜெயிக்கட்டும் என்று நிறுவனமே அதை நியாயப்படுத்தியது. பிடிவாதமும் சமநிலையைக் கெடுக்கும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் எடுத்த அன்று அது சுத்தமாகப் போயிற்று, யார் பையிலும் மிச்சம் இருக்கவில்லை.

புதிது எதுவும் வராவிட்டால் ஆள் குறையும், சர்வர் செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். உடை விற்கட்டும், நடனம் விற்கட்டும், துப்பாக்கிக்குத் தீப்பொறி பறக்கும் பெயிண்ட் விற்கட்டும். பிஜிஎம்ஐ அப்படித்தான் சம்பாதிக்கிறது.

கடல் பையனை நான் மறக்கவில்லை. முப்பத்தைந்து நாள் சிக்னல் இல்லாத இடத்திலிருந்து வருகிறவனுக்குத் தரையில் கிடக்கும் புதுத் துப்பாக்கி ஒரு தொல்லைதான், ஆனால் சின்னத் தொல்லை. இரண்டு ஆட்டம் செத்தால் கற்றுக்கொள்வான், மூன்றாவதில் அதையே எடுத்துச் சுடுவான். பூட்டிவைத்துச் சாவியை விற்கும் பலத்தை எத்தனை முறை செத்தும் கற்க முடியாது. பழகிப் பிடித்துவிடக்கூடிய தூரமா, காசு கொடுத்தால்தான் கடக்கக்கூடிய தூரமா என்று பார்த்தே சேர்க்கை ஒவ்வொன்றையும் நான் மதிப்பிடுவேன்.

அந்த அளவுகோலில் மேப்பும் தரை ஆயுதமும் எத்தனை வந்தாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை, தவறினால் திருத்தத் தயாராக இருக்கிறார்கள் என்ற ஒரே நிபந்தனையோடு. கேரக்டர் திறன்கள் இருக்கலாம், ஆனால் ரேங்க் ஆட்டத்துக்குள் நுழையும்போது அத்தனையும் அத்தனை பேருக்கும் திறந்திருக்க வேண்டும். கன் ப்ராப்பர்ட்டிக்கு ரேங்கில் இடமே கூடாது. ஆக, திறன்கள் அப்படித் திறந்திருந்தால், அந்தப் பையன்கள் அணைத்த இரண்டில் கன் ப்ராப்பர்ட்டியை மட்டும் அணைத்திருந்தால் போதும் என்பது என் முடிவு.

அன்று அவர்கள் இரண்டையும் அணைத்துத்தான் ஆடினார்கள். நாலுக்கு நாலு, எதிரணியும் பக்கத்துப் படகுதான். முதல் மூன்று ரவுண்டு தோற்ற கவர்க்காரன் நான்காவதில் இரண்டு பேரை வீழ்த்தினான். ஐஸ் வண்டி வந்து ஹாரன் அடிக்கும்வரை ஒருவனும் எழுந்திருக்கவில்லை.