தொழிற்சாலை வீடுகளும் போட்டியும்

வீட்டையும் காரைப் போலத் தொழிற்சாலையில் செய்து, லாரியில் ஏற்றி அனுப்பினால் விலை குறையும். போட்டி பெருகினால் இன்னும் குறையும் என்ற வாதத்தை வாசகர்கள் கேட்டிருக்கலாம். அமெரிக்காவில் அரை நூற்றாண்டுக்கு மேலாகச் சோதிக்கப்பட்டு வரும் வாதம் இது. இதில் முதற்பாதிதான் உண்மை.

உற்பத்தி முறையில் பெரிய குறை சொல்ல இடமில்லை. கூரைக்கு அடியில் வேலை நடப்பதால் மழையிலும் நிற்பதில்லை; மரமும் தகடும் வீணாவது குறைவு. 1976 முதல் நாடு முழுவதற்கும் ஒரே கட்டுமான விதி உள்ளது. 1992இல் ஆண்ட்ரூ சூறாவளி இவ்வீடுகளைச் சின்னாபின்னமாக்கிய பின், 1994இல் காற்றைத் தாங்கும் வலிமைக்கான விதிகள் கடுமையாக்கப்பட்டன. மனையின் விலையை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால், சதுர அடிக்கு ஆகும் செலவு சாதாரண வீட்டுக்கு ஆவதில் ஏறத்தாழப் பாதி.

பின் ஏன் விற்பனை பெருகவில்லை? 1972இல் சுமார் 5,75,000 வீடுகள் தொழிற்சாலைகளிலிருந்து வெளியேறின. 1998இல் சுமார் 3,70,000. 2009இல் 50,000க்கும் குறைவு! 1990களில் காணப்பட்ட வளர்ச்சியைத் தொழில்நுட்பத்தின் கணக்கில் எழுதுவது தவறு. அது தாராளமாக வாரி வழங்கிய கடனால் வந்த வீக்கம். தவணை கட்ட முடியாதவர்களிடமிருந்து பறிக்கப்பட்ட வீடுகள் சந்தைக்குத் திரும்பி, புதிய வீடுகளுக்கே போட்டியாயின. 2022இல் எண்ணிக்கை 1,10,000ஐத் தாண்டியதை மீட்சி என்றார்கள். 1972ஐ நினைவில் வைத்துக்கொண்டு அதைப் படியுங்கள்.

போட்டியாளர்களும் குறைந்து வருகிறார்கள். 2003இல் பெர்க்ஷயர் ஹாத்வே வாங்கிய கிளேட்டன் ஹோம்ஸ்தான் இத்துறையில் மிகப் பெரியது. வீட்டைச் செய்வது, விற்பது, வாங்குவோருக்குக் கடன் கொடுப்பது எல்லாம் ஒரே குழுமம். ஸ்கைலைன், சாம்பியன் என்ற இரு நிறுவனங்களும் 2018இல் ஒன்றாகிவிட்டன.

ஆனால் வாங்குபவரை அதிகம் வருத்துவது மனைதான். வீடு அவருடையது, பல இடங்களில் மனை வேறொருவருடையது, மாத வாடகைக்கு எடுத்தது. சொந்த மனை இல்லாததால் வீட்டுக்கடன் கிடைப்பதில்லை. காருக்குத் தருவது போன்ற கடன்தான், அதுவும் கூடுதல் வட்டிக்கு. மனை வாடகை ஏறினால் வேறிடம் போகலாமே என்பீர்கள். 'நகரும் வீடு' என்ற பழைய பெயர் செய்யும் மயக்கம் அது! சக்கரங்களைக் கழற்றி, குடிநீர்க் குழாயும் மின்கம்பியும் இணைத்துவிட்ட வீட்டை மறுபடி லாரியில் ஏற்றப் பல ஆயிரம் டாலர் வேண்டும். அந்தப் பணத்தைப் புரட்டினாலும், பழைய வீடு என்றால் இடம் தர மறுக்கும் மனைக்காரர்கள் இருக்கிறார்கள்.