உடற்கல்வி ஆசிரியரை நம்பி எழும் கபடி

மற்போரைப் போலவே ஆளை ஆள் பிடித்து அடக்கும் ஆட்டமான கபடி, மட்டையோ வலையோ கேட்காமல் தண்ணீர் தெளித்து இறுக்கிய ஒரு துண்டு மண்ணில் தொடங்கிவிடுவதால், பாஞ்சாலங்குறிச்சியைச் சூழ்ந்த கரிசல் ஊர்களிலும் தாமிரபரணிக் கரையூர்களிலும் ஏழைப் பிள்ளைக்கு எட்டும் முதல் விளையாட்டாக இருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்து மணத்தியிலிருந்து எழுந்த கணேசன், 1994இல் ஹிரோசிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடி, 1995ஆம் ஆண்டுக்கான அர்ச்சுனா விருதைப் பெற்றதும், அவர் வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் இயக்கிய 'பைசன்' 2025இல் வெளிவந்ததும் இந்த எழுச்சியை ஊரறியச் செய்தன. ஆயினும் இத்தகைய வீரனை உருவாக்கும் முறை, பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் என்னும் ஒற்றை மனிதரைச் சார்ந்தே நிற்கிறது; அதன் வலிமையும் குறையும் அந்தச் சார்பிலேயே இருக்கின்றன.

வலிமை சிறிதன்று. பாடிச் செல்லும் பையன் இடுப்பைத் தாழ்த்தி முன்காலைப் போனஸ் கோட்டுக்கு அப்பால் ஊன்றும் அந்த நொடியில் பின்கால் தரையை விட்டு எழுந்திருக்கிறதா, 30 விநாடிக்குள் நடுக்கோட்டுக்குத் திரும்பும் மூச்சு அவனிடம் மிஞ்சியிருக்கிறதா என்பதை நாள்தோறும் மாலையில் நின்று பார்க்கும் கண்ணுக்கு எந்தத் தேர்வு முகாமும் ஈடாகாது. ஊர்க் குழுக்கள் சாதி வழியே பிரிந்து கிடக்கும் இடங்களில், எல்லாப் பிள்ளைகளும் ஒரே பனியன் அணியும் களம் பள்ளி அணி மட்டுமே; அதைக் காப்பவரும் அந்த ஆசிரியரே. மாநில அரசுப் பணிகளில் விளையாட்டு வீரர்க்கு உள்ள 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டைப் பற்றிப் பெற்றோரிடம் எடுத்துச் சொல்பவரும் பெரும்பாலும் அவர்தான்.

அவர் இல்லாத பள்ளியில் எதுவும் இல்லை என்பதே குறையின் தொடக்கம். உடற்கல்வி ஆசிரியர் பணியிடமே இல்லாத நடுநிலைப் பள்ளிகள் பல. பணியிடம் உள்ள பள்ளிகளிலும் பத்தாம் வகுப்பு வந்ததும் விளையாட்டுப் பாடவேளையைக் கணக்குப் பாடம் எடுத்துக்கொள்கிறது.

இதைவிடக் கவலை தருவது எடைக் கட்டுப்பாடு. 16 வயதுக்குட்பட்ட சிறுவர் பிரிவில் 55 கிலோவுக்கு மேற்பட்டவர் ஆட முடியாது என்பதால், போட்டிக்கு முன்தினம் சோற்றையும் தண்ணீரையும் நிறுத்தி, கனத்த சட்டையுடன் ஓடி வியர்வையாக எடையை இறக்கும் வழக்கம் பரவுகிறது. வளரும் உடலின் நீரை இவ்வாறு வற்றச்செய்வது சிறுநீரகத்தையும் இதயத்தையும் தாக்கும். பாரிஸ் ஒலிம்பிக்கில் இறுதிப் போட்டி நாளன்று 100 கிராம் கூடுதல் எடைக்காக மற்போர் வீராங்கனை வினேஷ் போகத் தகுதியிழந்ததை நாடு பார்த்தது. அவருடன் மருத்துவக் குழுவாவது இருந்தது, பள்ளி மாணவனுக்கு அதுவும் இல்லை. அமெரிக்காவில் 1997இன் இறுதியில் கல்லூரி மற்போர் வீரர் மூவர் எடை குறைக்கும் முயற்சியில் அடுத்தடுத்து இறந்த பின்னர், உடலின் நீர்ச்சத்தைச் சோதித்து எடைப் பிரிவை முடிவுசெய்யும் விதிகள் வந்தன; உயர்நிலைப் பள்ளிகளிலும் வாரத்துக்கு 1.5 விழுக்காட்டுக்கு மேல் எடை குறைக்கலாகாது என்ற வரம்பு பின்னர் ஏற்பட்டது. நம் பள்ளிக் களத்தில் அந்த வரம்பாக இருப்பது ஆசிரியரின் மனச்சான்று ஒன்றே. நல்லவர் வாய்த்தால் பையன் பிழைக்கிறான். கோப்பை ஆசை மிகுந்தவர் வாய்த்தால் பிசகிய முழங்காலோடும் அடுத்த ஆட்டத்தில் இறக்கப்படுகிறான்.

கார்த்திகா என்னும் சென்னைக் கண்ணகி நகர்ப் பெண் 2025இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் கபடியில் தங்கம் வென்றபோது அரசு 25 இலட்சம் ரூபாய் பரிசளித்தது போற்றத்தக்கது. வென்ற பிறகு தரும் அந்தக் கவனத்தில் ஒரு பங்கு, வெல்வதற்கு முன்பே பள்ளிகளுக்குச் சேர வேண்டும்: காலியான உடற்கல்விப் பணியிடங்களைப் பள்ளிக் கல்வித் துறை நிரப்புவதோடு, ஒவ்வொரு தேர்வுக்கு முன்னும் அரசு மருத்துவர் ஒருவர் மாணவனின் எடையையும் மூட்டுகளையும் பார்த்துக் கையொப்பமிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும்.