விருந்தும் அடுப்பும்

ஈழத்து உழவர் நெற்செய்கையை வேளாண்மை என்பர். வள்ளுவரோ விருந்தினர்க்கு உதவுதலை அச்சொல்லால் குறித்தார். முசலியில், அறுவடை நாளில், ஓர் உழவர் இல்லத்தில் இவ்விரு பொருளும் ஒன்றாகக் கண்டோம். அரிவு வெட்டுவோர், உறவினர், வழிப்போக்கர், வந்தோர்க்கெல்லாம் சோறு. சகனைச் சுற்றி ஐவர் ஐவராய் அமர்ந்து உண்டோம்; வீட்டுக்காரரின் தாராளத்தை வாழ்த்தினோம். விடியுமுன் அடுப்பு மூட்டிய பெண்களை எவரும் வாழ்த்தவில்லை.

இக்குறை நம் இலக்கியத்திலும் உண்டு. முகம் மாறி நோக்கினாலே விருந்தினர் வாடுவர் என அனிச்சமலரைக் காட்டி எச்சரிக்கும் வள்ளுவர், அடுக்களைப் புகையில் வாடும் முகத்தை விருந்தோம்பல் அதிகாரத்தில் எங்கும் காட்டவில்லை.

இளங்கோ காட்டினார். கொலைக்களக் காதையில் கண்ணகி காய் அரிகிறாள். விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண்ணும் சிவக்கிறது. வைக்கோல் தீ மூட்டித் தந்த ஆயர்மகள் ஐயையைக்கூடக் கவிஞர் மறக்கவில்லை. ஆயினும் கணவன் பிரிந்ததால் விருந்தினரை எதிர்கொள்ளும் பேற்றை இழந்தேன் என்று வருந்துபவளும் அதே கண்ணகிதான். அடுப்பு அவளுடையது; விருந்து அவனுடையது! இதனைக் கற்பின் சிறப்பென்றே வகுப்பறையில் நாம் கற்பித்து வந்தோம்.

ஊரிழந்து அயலார் மனையில் சமைத்தவள் கண்ணகி. முசலி முஸ்லிம் பெண்களும் அந்நிலையை அறிவர். 1990 அக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டுப் புத்தளத்து அகதி முகாம்களில் அடுப்பு மூட்டியவர்கள். போர் முடிந்து மீண்டு வந்து, காடு மண்டிய மண்ணில் மறுபடியும் ஊருக்குச் சமைப்பவர்கள்.

விடைபெறும்போது பிற்பகல் நான்கு மணி. அடுக்களையில் அப்போதுதான் சட்டியின் அடிச்சோற்றைப் பங்கிட்டுக்கொண்டிருந்தனர்.