பொமொடோரோ: மணியும் தாளும்

பொமொடோரோ என்பது வேலை நேரத்தை 25 நிமிடத் துண்டுகளாக வகுத்துக்கொள்ளும் முறை. ஒவ்வொரு துண்டுக்குப் பின்னும் 5 நிமிட ஓய்வு. நான்கு துண்டுகள் முடிந்தால் 15 முதல் 30 நிமிடம் வரை நீண்ட ஓய்வு. 1980களின் இறுதியில் இத்தாலியில் பல்கலைக்கழக மாணவராக இருந்த பிரான்செஸ்கோ சிரில்லோ, படிப்பில் மனம் ஒட்டாமல் தவித்தார். பத்து நிமிடமாவது உண்மையாகப் படிக்க முடிகிறதா என்று தனக்குத்தானே பந்தயம் கட்டி, தக்காளி வடிவச் சமையலறை டைமர் ஒன்றைத் திருகி வைத்தார். முறைக்குப் பெயரும் அந்தத் தக்காளியிலிருந்தே வந்தது. இன்று கைபேசிச் செயலிகள் வழியாகவும், யாரோ ஒருவர் மணிக்கணக்கில் படிப்பதைக் காட்டும் யூடியூப் காணொளிகள் வழியாகவும் உலகெங்கும் மாணவர்களிடம் இது பரவியிருக்கிறது. பரவிய வேகத்தில் முறையின் பாதி உதிர்ந்துவிட்டது. சிரில்லோ வகுத்ததில் மணியும் உண்டு, தாளும் உண்டு. மாணவர்கள் கையில் எஞ்சியிருப்பது மணி மட்டும்.

மணியின் பயனைக் குறைத்து மதிப்பிட முடியாது. தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஐந்து அலகு கொண்ட பாடத்தை எடுத்து உட்காரும் மாணவருக்கு முதல் தடை, பாடம் கடினம் என்பதல்ல. எங்கே தொடங்குவது, எப்போது முடியும் என்ற மலைப்புதான். முடிவு தெரியாத வேலையை மனம் தள்ளிப்போடுகிறது. 25 நிமிடத்தில் மணி அடிக்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் உட்காருவது எளிதாகிறது. ஒத்திப்போடும் பழக்கம் உள்ளவர்களுக்கும், புதுப் பாடத்தை முதல் முறை வாசிப்பவர்களுக்கும், ரெகார்டு நோட்டு எழுதுவது போன்ற சலிப்பூட்டும் வேலைகளுக்கும் இது நன்றாகவே கைகொடுக்கிறது.

ஆயினும் முறையின் உண்மையான வலிமை தாளில்தான் இருக்கிறது. அன்றைக்குச் செய்ய வேண்டியவற்றைக் காலையில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எத்தனை துண்டுகள் ஆகும் என்று மதிப்பிட்டு, அத்தனை கட்டங்கள் வரைய வேண்டும். ஒரு துண்டு முடிந்தால் கட்டத்தில் ஒரு பெருக்கல் குறி. நடுவே மாணவரின் மனம் தானாக வேறெங்கோ ஓடினால் ஓர் ஒற்றை மேற்கோள் குறி. வெளியிலிருந்து யாராவது குறுக்கிட்டால் ஒரு கோடு. மதிப்பிட்ட கட்டங்கள் போதாவிட்டால், கூடுதலானவற்றை வட்டமாக வரைய வேண்டும். ஐந்து முதல் ஏழு துண்டுகளுக்கு மேல் கேட்கும் வேலையைப் பிரிக்க வேண்டும். ஒரு துண்டுகூட ஆகாதவற்றை ஒன்றுசேர்க்க வேண்டும். இப்படி இரண்டு வாரம் தாள் எழுதிய மாணவருக்குத் தன் படிப்பைப் பற்றி வேறெங்கும் கிடைக்காத தகவல் கிடைக்கிறது: மூன்று கட்டம் என்று நினைத்த அசைன்மென்ட் ஏழு கட்டம் தின்றது, குறுக்கீடுகளில் பெரும்பாலானவை அறைத் தோழரால் வந்தவை அல்ல, தன் மனத்திலிருந்தே வந்தவை.

இந்தத் தகவல் ஏன் முக்கியம் என்பதை 1994இல் வெளியான ஓர் ஆய்வு காட்டுகிறது. ரோஜர் பியூலர், டேல் கிரிஃபின், மைக்கேல் ராஸ் ஆகிய உளவியலாளர்கள், ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த இளநிலை மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாகச் சொன்ன பதில் 34 நாள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். எல்லாமே தப்பாகப் போனால் எவ்வளவு ஆகும் என்று கேட்டபோது சொன்ன கணக்கையும்கூட அது தாண்டிவிட்டது. தேவையான காலத்தைக் குறைத்து மதிப்பிடும் இந்தப் போக்கை உளவியலாளர்கள் கானெமனும் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே சுட்டிக்காட்டியிருந்தார்கள். இதற்கு மருந்து, முன்பு இதே போன்ற வேலைக்கு எவ்வளவு நேரம் ஆனது என்ற எழுத்துப் பதிவு. டைமர் செயலியை மட்டும் வைத்துக்கொள்பவர் இந்த மருந்தைத் தூக்கி எறிந்துவிடுகிறார்.

முறைக்குக் குறைகளும் உண்டு. முதலாவது, மணியின் பிடிவாதம். வகைக்கெழுச் சமன்பாடு ஒன்றை லாப்லாஸ் உருமாற்றத்தால் தீர்க்கும் மாணவரை எடுத்துக்கொள்ளலாம். தொடக்க நிபந்தனைகளைப் பிரதியிட்டு, சுருக்கி, பகுதிப் பின்னங்களாகப் பிரிக்கிறார். இரண்டு மாறிலிகளின் மதிப்பு கிடைத்துவிட்டது, மூன்றாவது பாக்கி. அப்போது மணி அடிக்கிறது. விதிப்படி எழுந்து போனால், திரும்பி வந்ததும் எந்த வரியில் எந்தக் குறி மாறியது என்று மேலிருந்து பார்க்க வேண்டும். நிரலில் பிழை தேடுவதும், கட்டுரையின் வாதத்தைக் கோத்து எழுதுவதும் இதே வகைதான். இத்தகைய வேலைகளில் சூடு பிடிக்கவே இருபது நிமிடம் ஆகிவிடும். 25 என்பது மாற்றக் கூடாத எண்ணும் அல்ல. சிரில்லோவே 20 முதல் 35 நிமிடம் வரை ஏற்புடையது என்றுதான் கருதினார். கணக்குக்கும் நிரலுக்கும் மணியை ஒதுக்கி, ஒரு படி முடியும் இடத்தில் நிறுத்திக்கொள்வதே சரி.

இரண்டாவது குறை இன்னும் ஆழமானது. துண்டுகளை எண்ணும் பழக்கம், உட்கார்ந்த நேரத்தைக் கற்ற அளவாகக் காட்டிவிடுகிறது. எட்டுத் துண்டுகளும் பாடத்தை மஞ்சள் மையால் கோடிட்டு வாசிப்பதிலேயே போயிருக்கலாம். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்களைவிட, படித்தபின் பார்க்காமல் நினைவுகூர்ந்து எழுதியவர்களுக்கு ஒரு வாரம் கழித்து அதிகம் நினைவிருந்தது. ஐந்தே நிமிடம் கழித்துச் சோதித்தபோதோ, திரும்பப் படித்தவர்கள்தான் முந்தினார்கள். மாணவர்கள் ஏமாறும் இடம் இதுதான். படித்து முடித்த சூட்டில் எல்லாம் தெரிந்தது போலவே இருக்கும். ஒவ்வொரு துண்டின் முதல் சில நிமிடங்களை அதுவரை படித்ததை மனத்துக்குள் சொல்லிப் பார்க்கவும், கடைசிச் சில நிமிடங்களை மீள்பார்வைக்கும் ஒதுக்கலாம் என்று சிரில்லோ குறித்திருந்தார். செயலிகளில் அந்தக் குறிப்புக்கு இடமில்லை.

ஓய்வும் பழுதுபட்டிருக்கிறது. ஐந்து நிமிடம் என்பது தண்ணீர் குடிக்க, கொஞ்சம் நடக்க. டைமர் கைபேசிக்குள் இருக்கும்போது, அதை நிறுத்தப் போகும் விரல் வாட்ஸ்அப்பைத் திறக்கிறது. விடுதிக் குழுவில் தொடங்கிய வாக்குவாதத்தைப் படித்துவிட்டு வருபவரின் மனம் அடுத்த துண்டின் பாதிவரை அங்கேயே நிற்கிறது. தனி டைமரோ சுவர்க் கடிகாரமோ இதைவிட மேல்.

கடைசியாக, இந்த முறை மாணவரின் நேரம் மாணவர் கையில் இருப்பதாக எண்ணிக்கொள்கிறது. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் வீட்டிலிருந்து வந்து போகும் மாணவர் பலருக்கு அப்படி இல்லை. காலை ஏழு மணிக்குள் கல்லூரிப் பேருந்து, மாலை வரை வகுப்பும் லேபும், வீடு திரும்பும்போது இருட்டு. அதன்பின் எஞ்சும் இரண்டு மணி நேரத்தில் ரெகார்டு, அசைன்மென்ட், இன்டர்னல் தேர்வு, சிலருக்கு அரியர் பாடமும். பகுதி நேர வேலைக்குப் போகிறவர்களுக்கு அதுவும் கிடையாது. நான்கு பாடங்களின் சமர்ப்பிப்பு ஒரே வெள்ளிக்கிழமையில் விழும்போது எந்த டைமராலும் மணித்துளிகளைப் பெருக்க முடியாது. அங்கே தோற்பவரை ‘நேரத்தைச் சரியாகப் பயன்படுத்தத் தெரியாதவர்’ என்று சொல்வது அநியாயம். துறை ஆசிரியர்கள் செமஸ்டர் தொடக்கத்திலேயே ஒன்றாக உட்கார்ந்து கடைசித் தேதிகளை வாரம் வாரமாகப் பிரித்து வைக்க வேண்டும். அதற்கு ஒரு மதிய நேரம் போதும்.