ஒரு காய்ச்சல், பல மருந்துகள்

சீன மருத்துவத்தின் மரபுப் பிரிவுகளை எடைபோட அரிய நோய் எதையும் தேட வேண்டியதில்லை. சாதாரணக் காய்ச்சலே போதும். அந்நாட்டு வைத்தியர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாதாடியது பெரும்பாலும் காய்ச்சலை வைத்துத்தான்.

நோயின் பெயரைக் கேட்டவுடன் அங்கே மருந்து எழுதிவிடுவதில்லை. பார்ப்பது, குரலையும் மூச்சையும் வாடையையும் கவனிப்பது, விசாரிப்பது, தொட்டு அறிவது என்று நான்கு வழிகளிலும் கிடைத்த குறிகளைத் திரட்டி, இந்த ஆளின் உடம்பில் இப்போது நோய் எந்தக் கோலத்தில் நிற்கிறது என்று வைத்தியர் முடிவு செய்கிறார். இந்த நோய்க்கோலத்தை ‘ஜெங்’ என்கிறார்கள். கோலம் மாறினால் மருந்தும் மாறும்.

இதற்கு அடித்தளம் போட்ட நூல் ‘ஷாங்ஹான் லுன்’. கி.பி. 200ஐ ஒட்டிய காலத்தில் ஜாங் ஜோங்ஜிங் எழுதியது. இருநூறு பேருக்கு மேல் இருந்த தம் குலத்தில் பத்தாண்டுக்குள் மூன்றில் இரண்டு பங்கினர் மாண்டதாகவும், அவர்களில் பத்துக்கு ஏழு பேரைக் குளிர் தாக்கிய காய்ச்சலே கொண்டுபோனதாகவும் முன்னுரையில் சொல்கிறார். அந்தத் துயரத்தின் பின்னணியில் படித்தால்தான் நூலின் கறார்த்தனம் புரியும்.

இரண்டு நோயாளிகள். இருவருக்கும் காய்ச்சல், இருவருக்கும் தலைவலி, இருவர் நாடியும் விரலை லேசாக வைத்தாலே தட்டுப்படுகிறது. முதலாமவருக்கு வியர்க்கிறது, காற்றுப் பட்டால் ஆகவில்லை, நாடி தளர்ந்திருக்கிறது. அவருக்குக் குய்ஜி கஷாயம்: கருவா இனக் குச்சி, பியோனி வேர், இஞ்சி, அதிமதுரம், சீன இலந்தை. மற்றவருக்கு வியர்வையே இல்லை, உடம்பெல்லாம் வலி, மூச்சு இரைக்கிறது, நாடி முறுக்கிய கயிறாக நிற்கிறது. அவருக்கு மாஹுவாங் என்ற எபிட்ரா சேர்ந்த கடுமையான கஷாயம். மருந்து இடம் மாறினால் கேடு. ஏற்கெனவே வியர்ப்பவரை எபிட்ரா மேலும் வியர்க்கவைத்து வற்றச் செய்துவிடும்.

குய்ஜி கஷாயத்தைக் கொடுக்கும் முறை இன்னும் நுட்பமானது. ஏழு பங்கு நீரை மூன்றாக மெல்லிய தீயில் சுண்டக் காய்ச்சி, ஒரு பங்கைக் குடிக்க வேண்டும். சற்றுப் பொறுத்துச் சூடான நீர்க்கஞ்சி குடித்துப் போர்த்திக்கொள்ள வேண்டும். உடம்பு முழுக்க லேசாகப் பூத்தாற்போல் வியர்க்கலாம்; ஆறாக ஓடக் கூடாது. முதல் வேளையிலேயே குணம் தெரிந்தால் மிச்சத்தைக் குடிக்காதே என்கிறது நூல். எனக்கு இந்த நூலில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

மிங் அரசமரபுக் காலக் கடைசியில் கொள்ளைநோய்கள் பரவியபோது இந்த நூல் மட்டும் போதவில்லை. 1642இல் வூ யூகே, கொள்ளைநோய்க்குக் காரணம் குளிரல்ல, மூக்கு, வாய் வழியே புகும் தனி நச்சு என்று எழுதினார். அவர் வழியில் ‘வென்பிங்’ எனும் வெப்பநோய்ப் பிரிவு வளர்ந்தது. தொண்டை வலி, தாகம், சிவந்த நாக்கு நுனி, விரைந்த நாடி இருந்தால் குய்ஜியைத் தொடாதே என்பது அதன் வாதம். 1798இல் வூ ஜூடோங் முடித்த நூலில் வரும் யின்சியாவ் மருந்தில் ஹனிசக்கிள் மொட்டும் ஃபார்சித்தியா காயும் முதன்மை. வாசம் எழுந்ததும் இறக்கிவிட வேண்டும். கூடுதலாகக் கொதித்தால் பயனில்லை. இந்த மருத்துவம் பரவியிருந்த ஜப்பானிலோ யோஷிமாசு தோதோ (1702–1773) கோட்பாட்டு விளக்கங்களை ஒதுக்கி, வயிற்றை அழுத்திப் பார்க்கும் சோதனையை முன்னிறுத்தினார்.

சீனாவின் பிரிவுகளையெல்லாம் ஒரே பாடத்திட்டத்துக்குள் கொண்டுவரும் வேலை, 1956இல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்ஜோ, செங்டூ நகரங்களில் கல்லூரிகள் தொடங்கியதும் சூடுபிடித்தது. 1997இல் நோய், நோய்க்கோலம், சிகிச்சை முறை மூன்றுக்கும் தேசியத் தரச்சொற்கள் வந்தன. அளவு விஷயம் மட்டும் இன்னும் தீரவில்லை. ‘ஷாங்ஹான் லுன்’ எழுதப்பட்ட ஹான் அரசமரபுக் காலத்தில் லியாங் என்ற எடை அளவு சுமார் 15 கிராம் என்று பழைய எடைக்கற்கள் காட்டுகின்றன. பாடநூல்களோ ஒரு லியாங்குக்கு மூன்று கிராம் என்று கணக்குப் போடுகின்றன. நூல் சொல்லும் மூன்று லியாங் குய்ஜிக் குச்சி 9 கிராமா, 45 கிராமா? இது சொற்பிரச்சினை அல்ல, உயிர்ப்பிரச்சினை.

2019இல் ஏற்கப்பட்ட பன்னாட்டு நோய் வகைப்பாட்டின் 11ஆம் பதிப்பில் இந்த நோய்க்கோலங்களுக்குக் குறியீடுகள் கிடைத்தன. இது கணக்கெடுப்புக்கான இடமே தவிர, மருந்து பலிக்கும் என்ற சான்றிதழ் அல்ல. ரத்தப் பரிசோதனைக்கும் இது மாற்றல்ல. நம் சித்த மருத்துவத்துக்கான குறியீடுகளும் ஆயுர்வேதம், யுனானியோடு 2024 ஜனவரியில் புதுடில்லியில் வெளியாகியுள்ளன. இதைப் படிக்கும் இளம் சித்த மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குறியீட்டை மட்டும் எழுதி ஏட்டை மூடிவிடாதீர்கள். வியர்த்ததா, தாகம் எடுத்ததா, நாடி எப்படி இருந்தது, எந்த வேளையில் மருந்தை நிறுத்தினீர்கள் என்பதையும் அதன் பக்கத்தில் எழுதிவையுங்கள்.