கொலை நடந்த ஊர்: பெண்கள் எழுதிய துப்பறியும் நாவல்கள்

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் பத்திரிகைக் கடைகளில் சென்னை மாத நாவல்கள் வரிசையாகத் தொங்கிய காலத்தை இந்த மலரைப் படிப்பவர்களில் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அவற்றைக் கைமாற்றிக் கைமாற்றிப் படித்தவர்களில் பெண்கள் ஏராளம். அட்டையிலும் சில பெண் பெயர்கள் இருந்தன: சுஜாதா, புஷ்பா தங்கதுரை. எழுதியவர்களோ ஆண்கள். ரங்கராஜன் தம் மனைவியின் பெயரில் எழுதினார். ஸ்ரீவேணுகோபாலன் புஷ்பா ஆனார். கொலையும் துப்பும் ஆண்களின் தொழில் என்று எழுதாத சட்டம் ஒன்று இருந்ததுபோல, பெண் எழுத்தாளர்களுக்குக் குடும்ப நாவலே ஒதுக்கப்பட்டது.

தமிழில் தொடக்கம் அப்படி இல்லை. வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925இல் 'ஜகன்மோகினி' இதழை ஏற்று நடத்தத் தொடங்கியபோது அதில் வந்த முதல் தொடர் 'வைதேகி'. துப்பறியும் நாவல் எழுதிய முதல் தமிழ்ப் பெண் என்று அவரைச் சொல்கிறார்கள். ஊக்கம் கொடுத்தவர் வடுவூர் துரைசாமி ஐயங்கார், துப்பறியும் கதைகளில் அன்று கொடிகட்டிப் பறந்தவர். சரளமாக எழுத வராத நாளில் தோழி பட்டம்மாளிடம் வாயால் சொல்லி எழுதவைத்த பெண், 115 நாவல்கள் படைத்தார். ஆனால் விடுதலைப் போராட்டமும் சமூகச் சீர்திருத்தமும் அவர் பேனாவை வேறு பக்கம் இழுத்தன. அவர் திறந்த வழியில் தொடர்ந்து நடக்கப் பெண்கள் வரவில்லை. வந்த ஓரிருவரைத் தேடிப் பிடித்துப் பெயர் சொல்லிப் பாராட்ட ஓர் அமைப்பும் இல்லை. எனக்கு இந்த இரண்டாவது குறைதான் பெரிதாகப் படுகிறது.

அதனால்தான் ஆஸ்திரேலியாவைப் பார்க்கச் சொல்கிறேன். அங்கும் பெண்கள் முதலிலேயே எழுதினார்கள், அங்கும் மறக்கப்பட்டார்கள். எலன் டேவிட் என்ற ஆசிரியை 1865இல் மெல்பர்ன் இதழ் ஒன்றில் கொலை மர்ம நாவலைத் தொடராக எழுதினார். துப்பறியும் நாவலுக்கு முன்னோடி என்று சொல்லப்படும் வில்கி காலின்ஸின் 'மூன்ஸ்டோன்' வருவதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு! மேரி ஃபார்ச்சூன் 1868 முதல் 1908 வரை நாற்பது ஆண்டுகள் 'டிடெக்டிவ்ஸ் ஆல்பம்' என்ற தொடரை எழுதினார். கதைகள் ஐந்நூறுக்கு மேல். தங்கச் சுரங்கப் பகுதியில் வாழ்ந்து, குதிரைப்படைப் போலீஸ்காரர் ஒருவரை மணந்தவர். காவல் நிலையத்தின் நடைமுறை அவருக்கு அத்துப்படி. 'வெய்ஃப் வாண்டர்', 'டபிள்யூ. டபிள்யூ.' என்ற புனைபெயர்களுக்குப் பின்னால் இருந்தவர் யார் என்பதே அவர் இறந்து பல பத்தாண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. 1991இல் மெல்பர்ன் பெண்கள் 'சிஸ்டர்ஸ் இன் கிரைம்' அமைப்பைத் தொடங்கினார்கள். 1994 முதல் சிறுகதைப் போட்டி. 2001 முதல் எலன் டேவிட் பெயரிலேயே நாவல் விருது. சிறுகதைப் போட்டியில் கையைப் பழக்கிக்கொண்டு நாவலுக்கு வந்தவர்கள் பலர். நம் பல்கலைக்கழகத்துப் பேரவைக் கதைகளும், தமிழ் நேசன் அன்று நடத்திய பவுன் பரிசுத் திட்டமும் சிறுகதைக்குச் செய்ததை, அவர்கள் குற்றக் கதைக்கென்றே செய்தார்கள்.

சரி, நாவலை எதை வைத்து எடை போடுவது? துப்புகளை வாசகருக்கு மறைக்காமல் வைக்க வேண்டும் என்பது பழைய விதி. அது இன்றும் செல்லும். நான் அதற்கு மேல் ஒன்று கேட்பேன். கதையை அந்த ஊரிலிருந்து பெயர்த்து வேறு ஊரில் நட்டால் கொலை அப்படியே நிற்கிறதா? நின்றால் அது இரண்டாம் தரம்.

ஜூன் ரைட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மெல்பர்ன் தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர். 1948இல் வந்த அவருடைய முதல் நாவலில் கொலை அங்கேயே நடக்கிறது. ஆயுதம், பழுது பார்ப்பவர்கள் இணைப்புகளில் புகுந்து கேட்கும் கருவி. யார் எந்த நேரத்தில் எந்தப் பலகையில் உட்கார்ந்திருந்தாள், யார் யாருடைய பேச்சைக் கேட்டிருக்க முடியும் என்று வேலை நேரப் பட்டியலே துப்பாகிறது. உள்ளே உழைத்தவரால் மட்டுமே எழுத முடிந்த நாவல் அது. கெர்ரி கிரீன்வுட் சட்ட உதவி வழக்கறிஞராக இருந்தவர். 1989இல் தொடங்கிய அவருடைய ஃபிரைனி ஃபிஷர் வரிசை 1920களின் மெல்பர்னில் நடக்கும் சொகுசுக் கதையாகத் தோன்றும், ஆனால் ஏழைப் பெண்களுக்குச் சட்டம் எங்கே கைகொடுக்கவில்லை என்பதில் அவர் பார்வை தவறவே இல்லை. ஜேன் ஹார்ப்பரின் 'தி டிரை' (2016) வறட்சியில் வெடித்த ஒரு கற்பனை ஊரில் நடக்கிறது. ஒரு விவசாயி மனைவியையும் மகனையும் கொன்று தானும் செத்தான் என்கிறார்கள். மழை பெய்து பயிர் விளைந்திருந்தால் அதை ஊர் அவ்வளவு எளிதாக நம்பியிருக்குமா?

நம் ஊருக்கு வருவோம். மலேசியாவில் பிறந்த வழக்கறிஞர் ஷாமினி ஃபிளிண்ட் 2009இல் ஆங்கிலத்தில் எழுதிய 'எ மோஸ்ட் பெக்யூலியர் மலேசியன் மர்டர்' கோலாலம்பூரில் நடக்கிறது. சிங்கப்பூரிலிருந்து வரும் பருத்த சர்தார்ஜி, இன்ஸ்பெக்டர் சிங். முன்னாள் கணவனான மர வியாபாரக் கோடீஸ்வரனைச் சுட்டுக் கொன்றதாகச் சிறையில் இருப்பவள் சிங்கப்பூர்க்காரி செல்சி லியூ. பிள்ளைகள் யாரிடம் இருப்பது என்ற வழக்கில் அவன் தான் மதம் மாறிவிட்டதாக அறிவித்திருந்தான். வழக்கு சிவில் நீதிமன்றத்திலிருந்து ஷரியா நீதிமன்றத்துக்குப் போய்விடும் என்ற பயமே அவள்மீது விழும் சந்தேகத்துக்கு அடிப்படை. இந்தக் கொலையை மெல்பர்னுக்குக் கொண்டுபோக முடியாது. நாவல் வந்த அதே ஆண்டுதான் ஈப்போ பாலர் பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் பிள்ளைகளை அவர் அறியாமல் கணவர் மதம் மாற்றினார். அந்த மாற்றம் செல்லாது என்று கூட்டரசு நீதிமன்றம் சொல்ல 2018 ஜனவரி ஆயிற்று. ஃபிளிண்ட் எவ்வளவு சரியான நரம்பைத் தொட்டார் என்பதற்கு வேறு சான்று வேண்டாம். குறை ஒன்று உண்டு: சிங் வெளியூர்க்காரர் என்பதால் நகரத்தை விருந்தாளியின் கண்ணாலேயே பார்க்கிறோம்.

உள்ளூர்க் கண்ணால் தமிழில் எழுத நம் பெண்களுக்கு விஷயம் இல்லையா? கிள்ளான் பள்ளத்தாக்கில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக, தாதியாக, தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக, தொழிற்சாலை மேற்பார்வையாளராக எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்! தோட்டம் துண்டாடப்பட்டு வீடமைப்பு வந்த இடத்தில் கோயில் நிலம் யாருடையது என்று தெரிந்தவர்கள் இவர்கள். பிறப்புப் பத்திரமோ அடையாள அட்டையோ இல்லாமல் வளர்ந்த பிள்ளைகளை வகுப்பில் கண்டவர்கள். அப்படி ஒருவன் இறந்து கிடக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொன்றவன் யார் என்று கேட்பதற்கு முன், இறந்தவன் இருந்தான் என்பதையே தாள்களால் நிரூபிக்க வேண்டும். எந்த அலுவலகத்தில் எந்தப் பாரம், எந்தச் சாட்சியின் கையெழுத்து, எந்தத் தேதி பொருந்தவில்லை என்று போகும் அந்த விசாரணைக்கு லண்டன் துப்பறிவாளரும் உதவ மாட்டார், தமிழ்த் துப்பறியும் நாவல்களின் சங்கர்லாலும் உதவ மாட்டார். பாரங்களை நிரப்பி நிரப்பிக் கை ஓய்ந்த ஓர் ஆசிரியை போதும். நம் எழுத்தாளர் அமைப்புகள் அடுத்த போட்டியை அறிவிக்கும்போது குற்றப் புனைவுக்கென்று பெண்களுக்கு ஒரு பிரிவு வைக்கட்டும். நடுவர்களில் ஒருவராக வழக்கறிஞர் ஒருவரும் உட்காரட்டும்.