ஜேம்ஸ் புக்கர்: மறைவுக்குப் பின் வந்த ஒலிநாடாக்கள்

ஒரு கலைஞர் மறைந்த பிறகு அவருடைய பழைய கச்சேரிப் பதிவுகள் அகப்பட்டால் அவற்றை வெளியிடலாமா? அவரே கேட்டு, ‘சரி, போடுங்கள்’ என்று சொல்லாத ஒன்றை ஊருக்குக் கொடுக்க மற்றவர்களுக்கு என்ன உரிமை? சபா கச்சேரிகளைக் கேசட்டில் பிடித்துப் பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய உண்டு. ஆகவே இந்தக் கேள்வி நமக்கும் அந்நியமானதல்ல. இதை ஆராய நான் எடுத்துக்கொண்டது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்துக் கறுப்பினப் பியானோ மேதை ஜேம்ஸ் புக்கரின் கதையை.

புக்கர் 1939-ல் பிறந்தவர். பாதிரியார் வீட்டுப் பிள்ளை. பதினான்கு வயதிலேயே முதல் இசைத்தட்டு வந்துவிட்டது. 1960-ல் ‘கான்ஸோ’ என்ற ஆர்கன் இசைத்தட்டு நன்றாக ஓடியது. அதன்பின் போதைப் பழக்கம், சிறைவாசம், இழந்த ஒரு கண். ஐரோப்பாவில் அவருக்கு வேறு மரியாதை. 1977-ல் ஜூரிச்சில் அவர் தனியாக வாசித்த கச்சேரி இசைத்தட்டாகவே வந்து பாராட்டுப் பெற்றது. சொந்த ஊருக்குத் திரும்பியவருக்குக் கிடைத்ததோ, ஓக் தெருவில் உள்ள ‘மேப்பிள் லீஃப்’ என்ற மதுக்கூடத்தின் பியானோ. உள்ளூரில் விலைபோகாத சரக்கு வெளியூரில் போகும் என்பது எல்லா ஊருக்கும் பொது போலிருக்கிறது!

1983 நவம்பர் 8-ஆம் தேதி, அதே ஊரின் சாரிட்டி மருத்துவமனையில், சிகிச்சைக்காகச் சக்கர நாற்காலியில் காத்திருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது. வயது 43. அவர் பெயரில் அதுவரை வந்திருந்த ஆல்பங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம்.

பத்து ஆண்டுகள் கழித்து, 1993-ல், ரவுண்டர் நிறுவனம் இரண்டு குறுந்தகடுகளை வெளியிட்டது. ஒன்று ‘ஸ்பைடர்ஸ் ஆன் தி கீஸ்’. மற்றது ‘ரெசரக்‌ஷன் ஆஃப் தி பையூ மஹாராஜா’. பையூ என்பது லூசியானா மாநிலத்தின் சதுப்பு நில ஓடை. ‘பையூ மகாராஜா’ என்பது புக்கரின் பட்டப்பெயர். நம் நாட்டு மகாராஜா அங்கே எப்படிப் போய் உட்கார்ந்திருக்கிறார் பாருங்கள்! இரண்டுமே மேப்பிள் லீஃபை நடத்திவந்தவர்களில் ஒருவரான ஜான் பார்சன்ஸ் 1977 முதல் 1982 வரை ஒலிநாடாவில் பிடித்து வைத்திருந்தவற்றிலிருந்து பொறுக்கி எடுத்தவை.

இனி என் மதிப்பீட்டுக்கு வருகிறேன். இப்படிப்பட்ட வெளியீட்டை மூன்று கேள்விகளால் அளக்கலாம் என்பது என் எண்ணம்.

முதல் கேள்வி: வாழ்நாளில் வந்த இசைத்தட்டுகளில் இல்லாத எதையாவது இவை தருகின்றனவா? சந்தேகமே வேண்டாம், தருகின்றன. புக்கரின் இடது கை அடித்தளச் சுரத்தையும் நடு இசையையும் சேர்த்தே பிடிக்கும். வலது கை மேலே பாட்டைப் பாடிக்கொண்டே இடைவெளிகளையும் நிரப்பும். பாட்டு, வயலின், மிருதங்கம் மூன்றையும் ஒரே ஆள் பார்த்துக்கொண்டால் எப்படி இருக்கும், அப்படி. ‘எலினார் ரிக்பி’யைக் கேட்டுப் பாருங்கள். 1966-ல் பீட்டில்ஸ் குழுவினர் நான்கு வயலின், இரண்டு வியோலா, இரண்டு செல்லோவைப் பின்னணியாக வைத்துப் பாடிய பாட்டு அது. அந்த எட்டு வாத்தியக்காரர்களின் வேலையைப் புக்கர் பத்து விரலுக்குள் அடக்கி, அதன் மேல் நியூ ஆர்லியன்ஸ் தாளத்தையும் ஏற்றிவிடுகிறார். அதே தகட்டில் கியூபாவின் லெக்குவோனா எழுதிய ‘மலகேன்யா’வும் வருகிறது. ஸ்டுடியோவில் யாரும் இவரிடம் இதையெல்லாம் கேட்டிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது கேள்வி: பொறுக்கியது நேர்மையாகப் பொறுக்கப்பட்டதா? இங்கேதான் எனக்கு நெருடுகிறது. சில இரவுகளில் அவர் தேவலோக வாசிப்பு வாசிப்பார்; சில இரவுகளில் வாசிக்காமலே உட்கார்ந்திருப்பார் என்று உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். ஐந்தாண்டு இரவுகளை இரண்டு தகடாகச் சுருக்கும்போது அந்த மௌன இரவுகள் தாமாகவே கழன்றுவிடுகின்றன. கேட்பவர் மனத்தில் எந்நாளும் தவறாத ஒரு மேதை உட்கார்ந்துவிடுகிறார். அதற்காக எல்லா நாடாவையும் அப்படியே கொட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. தடுமாறிய ஒரு மனிதரைக் காசுக்குக் காட்சிப் பொருளாக்குவது அதைவிடப் பெரிய பாவம். எனவே பொறுக்கியது சரி. ஆனால் இது பொறுக்கியது என்பதைக் கேட்பவர் மறக்கக் கூடாது.

மூன்றாவது கேள்வி: இடத்தின் மணம் இருக்கிறதா? இருக்கிறது. இது மதுக்கூடம், எதிரே இருப்பவர்கள் குடித்துக்கொண்டும் பேசிக்கொண்டும் இருப்பவர்கள். அந்தச் சூழலைத் துடைத்து மெருகேற்றினால், யாருக்கு நடுவே, எந்த நிலையில் இவர் இவ்வளவு நுணுக்கமாக வாசித்தார் என்பதே தெரியாமல் போய்விடும்.

இரண்டாம் தகட்டின் தலைப்பில் உள்ள ‘ரெசரக்‌ஷன்’ என்ற சொல்லுக்கு உயிர்த்தெழுதல் என்று பொருள். தலைப்பு கவர்ச்சியானதுதான். ஆனால் எனக்கு அது சங்கடமாகவே இருக்கிறது. அவர் உயிரோடு வாசித்த ஊர், வேறெங்கோ அல்ல, அதே ஊர்தான். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவரைச் செத்த பிறகு எழுப்பிவிட்டோம் என்று மார் தட்டுவதில் என்ன பெருமை? பெருமை ஒருவருக்கு உண்டென்றால், அது மற்றவர்கள் பேசிக்கொண்டிருந்தபோது ஒலிநாடாவை ஓடவிட்ட அந்த மனிதருக்குத்தான். அந்தக் காரியம் நடந்திராவிட்டால் வெளியிடலாமா கூடாதா என்று நான் இங்கே வாதாடவே முடியாது.

ஆகவே என் தீர்ப்பு இது: வெளியிட்டது சரியே. கலைஞரின் சம்மதம் இல்லை என்பது உண்மை. ஆனால் காசு கொடுத்து உள்ளே வந்த யாரும் கேட்கும்படி, பொது இடத்தில் அவர் வாசித்தது இது. அந்தரங்க ஒத்திகை அல்ல.

கேட்க விரும்பும் அன்பர்களுக்கு ஒரு யோசனை. அவர் உயிரோடிருந்தபோது, 1982-ல் வந்த ‘கிளாசிஃபைட்’ ஆல்பத்தை முதலில் கேளுங்கள். பிறகு ‘ஸ்பைடர்ஸ்’, கடைசியாக ‘ரெசரக்‌ஷன்’. இந்த வரிசையில் கேட்டால், ஸ்டுடியோவில் அளந்து வைத்த இசைக்கும் இரவில் தானாக ஓடிய இசைக்கும் உள்ள வித்தியாசம் காதுக்கே புரிந்துவிடும். அப்படியே உங்கள் வீட்டு அலமாரியில் தாத்தா பிடித்து வைத்த கேசட் இருந்தால், பூஞ்சை பிடிப்பதற்கு முன் எடுத்துக் கணினியில் ஏற்றிவிடுங்கள். பாடியவர் யார், எந்த ஊர், எந்த வருஷம் என்பதையும் மறக்காமல் எழுதி வையுங்கள்.